கரம்பாகக் கிடக்கும் கொல்லையில் மரங்களைத் தானாக எழ விடுவது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரிக்கான முழுமையான வழிகாட்டி

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் வழியிலும், ராயக்கோட்டையிலிருந்து கெலமங்கலம் போகும் வழியிலும் உழாமல் கிடக்கும் கொல்லைகள் அடுத்தடுத்துக் கண்ணில் படும். கேழ்வரகும் சாமையும் கொள்ளும் அவரையும் விளைந்த மானாவாரி நிலங்கள் அவை. போர்வெல் வற்றிவிட்டது, கூலி கட்டுப்படியாகவில்லை, காட்டுப்பன்றி எதையும் விட்டுவைக்கவில்லை, பிள்ளைகள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஒவ்வொரு கரம்புக்கும் இப்படி ஒரு காரணம் இருக்கும்.

அந்த நிலத்தில் இனி உழவு இல்லை, ஆனால் விற்கவும் மனமில்லை, மரமும் மண்ணுமாக அதை மீட்டெடுக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்படி நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் ஜேசிபியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் வழித்துத் தள்ளுகிறார்கள். அப்புறம் நர்சரியில் கன்று வாங்கி வரிசையாக நடுகிறார்கள். இரண்டாவது கோடையில் பாதிக் கன்றுகள் காய்ந்துபோகின்றன. உயிரோடிருந்த வேரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதே இடத்தில் காசு கொடுத்து வாங்கிய கன்றை வைக்கிறோம் என்பதுதான் இதில் எனக்கு ஆற்றாமை. உங்கள் நிலத்தில் காடு ஏற்கெனவே மண்ணுக்குள் பாதி இருக்கிறது. முதல் ஒரு வருடம் எதையும் வாங்காதீர்கள், எதையும் வழிக்காதீர்கள். அதைத்தான் இந்த வழிகாட்டி முழுக்கச் சொல்லப் போகிறேன்.

முதலில் காகிதமும் எல்லையும்

பட்டா, சிட்டா, புலப்படம் மூன்றையும் எடுத்துக்கொண்டு நான்கு எல்லைக் கல்லையும் பாருங்கள். வண்டிப்பாதை, ஓடை, பக்கத்துக் கொல்லைக்காரர் நடந்துபோகும் தடம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பல வருடம் ஆள் வராத நிலத்தில் வரப்பு நகர்ந்திருக்கும். மரம் எழுந்த பிறகு வரும் எல்லைத் தகராறு கசப்பானது, இப்போதே பேசி முடிப்பது நல்லது.

உங்கள் நிலத்தின் வழியாக எரிவாயுக் குழாய் போகிறதா என்பதையும் பாருங்கள். கொச்சியிலிருந்து பெங்களூருக்குத் திட்டமிட்ட குழாய்ப் பாதையில் கோவை முதல் கிருஷ்ணகிரி வரை தமிழ்நாட்டின் ஏழு மாவட்டங்கள் வருகின்றன. விவசாயிகளின் எதிர்ப்பும் வழக்கும் உச்ச நீதிமன்றம் வரை போனது ஊரறிந்த செய்தி. 1962ஆம் ஆண்டின் குழாய்ச் சட்டப்படி, குழாய்க்கென அறிவிக்கப்பட்ட நிலப்பட்டையில் நிலம் உங்களுடையதாகவே இருக்கும். முன்பு செய்த பயிரையும் செய்யலாம். ஆனால் கட்டடம் கட்டக்கூடாது, கிணறோ குட்டையோ தோண்டக்கூடாது, மரம் நடக்கூடாது. ஆகவே அந்தப் பட்டையை உங்கள் காட்டுத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டுப் புல்லாக வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய் பதித்த இடத்தில் செடி ஏன் வர மறுக்கிறது என்று பலர் கேட்பதுண்டு. குழி தோண்டியபோது அடியிலிருந்த சரளையும் சுக்கான் கல்லும் மேலே வந்துவிட்டன, மேல்மண் அடியில் போய்விட்டது, மேலே கனரக வண்டிகள் ஓடி மண்ணை இறுக்கிவிட்டன. அங்கே ஆழ உழாமல், மழைக்கு முன் கொள்ளும் கொழுஞ்சியும் தூவி, காய்ந்ததை அங்கேயே மண்ணில் விடுங்கள். சில பருவங்களில் மண் உயிர் பெறும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சுற்றிலும் பச்சையாக இருக்கும்போது குழாய்க் கோட்டின் மேல் மட்டும் புல் வட்டமாக மஞ்சளித்துச் சாகிறதென்றால், கசிவாக இருக்கக்கூடும். கசியும் வாயு மண்ணிலிருக்கும் காற்றைத் தள்ளிவிடுவதால் வேர் மூச்சுமுட்டிச் சாகிறது. நெடுந்தூரக் குழாயில் போகும் வாயுவில் நம் வீட்டு சிலிண்டர் போல வாடை சேர்த்திருக்க வேண்டும் என்பதில்லை, அதனால் மூக்கை நம்பாதீர்கள். அங்கே பீடி பற்றவைக்காமல், வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் விலகிப் போய், குறியீட்டுக் கல்லிலோ பலகையிலோ உள்ள எண்ணுக்குத் தூரத்திலிருந்து பேசுங்கள்.

நிலத்தைப் படிப்பது

இரண்டு முறை நடக்க வேண்டும். முதல் நடை மாசி, பங்குனியில். புல் காய்ந்து விழுந்திருக்கும், அடிமரங்களும் வேர்த்தூர்களும் தெளிவாகத் தெரியும். இரண்டாவது நடை புரட்டாசி, ஐப்பசி மழைக்குப் பிறகு. அப்போது எது எங்கே துளிர்த்திருக்கிறது என்று தெரியும்.

செடிகளே நிலத்தின் வயதைச் சொல்லிவிடும். விட்டு ஓரிரு வருடமான கொல்லையில் தும்பை, நெருஞ்சி, குப்பைமேனி, துத்தி, கொழுஞ்சி, பார்த்தீனியம் இருக்கும். கொழுஞ்சி அடர்ந்திருந்தால் மகிழுங்கள், அது வேர்முடிச்சுகளால் காற்றிலிருக்கும் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கிறது. அதற்கடுத்த வருடங்களில் ஆவாரையும் விராலியும் உண்ணிச்செடியும் ஏறும், சரளைமேட்டில் சீத்தா தானாக முளைக்கும். அப்புறம் வெப்பாலை, வெள்வேல், வேம்பு, உசிலை, இலந்தை. இந்த வரிசை எல்லா நிலத்திலும் ஒழுங்காக நடக்காது. ஆட்டு மேய்ச்சலும் வருடாவருடம் தீயும் உள்ள இடம் ஆவாரையோடு நின்றுவிடும். பத்து வருடமாகியும் ஆவாரையைத் தாண்டவில்லையென்றால் மண்ணைக் குறை சொல்வதற்கு முன் மேய்ச்சலைப் பாருங்கள்.

மரம் மூன்று வழிகளில் வருகிறது. இதில் எது உங்கள் நிலத்தில் வலுவாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் வழி வேர்த்தூர். முன்பு வெட்டப்பட்ட மரத்தின் அடி, வரப்போரத்தில் வருடாவருடம் ஆடு கடித்துப் புதராகவே நிற்கும் உசிலை, வெப்பாலை. மேலே முழங்கால் உயரம்தான் இருக்கும், கீழே வேர் பல வருடத்து வேர். கோடையில் தாங்கி நிற்பது இதுதான். மாட்டு ஏர் ஓட்டிய நிலத்தில் இந்தத் தூர்கள் நிறையப் பிழைத்திருக்கும். வருடக்கணக்கில் டிராக்டர் ஆழமாக ஓடிய நிலத்தில் நடுக்கொல்லையில் எதுவும் மிஞ்சியிருக்காது, வரப்பில்தான் தேட வேண்டும்.

இரண்டாவது, மண்ணில் புதைந்து கிடக்கும் விதை. இதில் பெரும்பங்கு களைவிதைதான். வேப்பவிதை சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடும், மண்ணில் காத்திருக்காது. தோல் கெட்டியான வெள்வேல், ஆவாரை போன்றவை வருடக்கணக்கில் காத்திருக்கும்.

மூன்றாவது, பறவையும் விலங்கும் காற்றும் கொண்டுவருவது. கொண்டைக்குருவியும் மைனாவும் காக்கையும் உட்காரும் மரத்தடியைப் போய்ப் பாருங்கள்: வேம்பு, நாவல், சூரை, சில இடங்களில் சந்தனம்கூட முளைத்திருக்கும். பறவை உட்கார இடமில்லாத வெட்டவெளியில் இந்த விதைகள் விழாது. அதனால் நடுக்கொல்லையில் கிளையுள்ள காய்ந்த மரக்கொம்புகளை ஆங்காங்கே ஊன்றி வையுங்கள். காசில்லாத வேலை, பலன் உண்டு.

மண்ணையும் ஒருமுறை தோண்டிப் பாருங்கள். ஓரடி ஆழக் குழியில் தண்ணீர் ஊற்றி, அரை நாள் கழித்தும் அப்படியே நிற்கிறதா என்று கவனியுங்கள். நின்றால், ஒரே ஆழத்தில் உழுது உழுது அடியில் கெட்டித்தட்டு உருவாகியிருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் விதை தூவி வீணாக்காதீர்கள், கொழுஞ்சியையும் ஆவாரையையும் அவற்றின் வேர்வேலையைச் செய்ய விடுங்கள்.

காவல்: ஆடும் தீயும்

இந்தப் படியைச் சரியாகச் செய்தால் மற்றவை தானாக நடக்கும். இதைத் தவறவிட்டால் வேறெதைச் செய்தும் பயனில்லை.

உங்கள் கரம்பு யாரோ ஒருவருடைய மேய்ச்சல் நிலமாக இருந்து வருகிறது. ஆடு வைத்திருக்கும் அக்கா, மாடு ஓட்டிவரும் பெரியவர் எல்லாம் வருடக்கணக்காக அங்கே வருகிறவர்கள். திடீரென்று கம்பி வேலி போட்டு அறிவிப்புப் பலகை வைத்தால், வேலி ஒரு வாரத்தில் அறுந்து கிடக்கும். அதில் அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. நேரில் போய்ப் பேசுங்கள். "அக்கா, இந்தப் பக்கம் மட்டும் மூணு வருஷம் ஆடு வேண்டாம், புல்லை நீங்களே அறுத்துக்குங்க" என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அறுத்த புல் அவர்களுக்கு, துளிர் உங்களுக்கு. நிலத்தை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கை மட்டும் மூடி, மற்ற இரண்டையும் திறந்து வைப்பது இன்னும் நல்லது. மூடிய பங்கில் மரங்கள் ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வந்ததும் அடுத்ததை மூடலாம். மாட்டைவிட ஆடுதான் துளிரைத் தேடித் தின்னும், மாட்டை முன்னதாகவே அனுமதிக்கலாம்.

வேலிக்கு இலந்தை முள்ளையோ வெள்வேல் முள்ளையோ வெட்டிப்போட்டு, உள்பக்கமாகக் கிளுவைப் போத்துகளை (வெட்டி நடும் கிளைத்துண்டுகளை) மழைக்கு முன் நெருக்கமாக ஊன்றுங்கள். முள் மக்கிப் போவதற்குள் கிளுவை வேலியாகிவிடும்.

தீ மாசி முதல் சித்திரை வரை. வரப்பைச் சுத்தம் செய்ய வைப்பது, புதுப்புல் துளிர்க்கட்டும் என்று வைப்பது, ரோட்டில் போகிறவர் எறியும் பீடி என எல்லா வழியிலும் வரும். தை மாதத்திலேயே எல்லையைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்குப் புல்லை அறுத்து, சருகைக் கூட்டி உள்ளே தள்ளாமல் அப்புறப்படுத்துங்கள். ஒரு தீ மூன்று வருட வளர்ச்சியைத் தின்றுவிடும். தூர் மறுபடி துளிர்க்கும், விதையிலிருந்து வந்த சிறு கன்றுகள் திரும்ப வராது.

மழைநீரை நிறுத்துவது

இங்கே ஆண்டு மழை 850 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கிறது. காட்டுக்கு இது போதும். ஆனால் அது சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிட்டுத் தென்பெண்ணைக்கும் சின்னாற்றுக்கும் ஓடிவிடுகிறது. பழைய வரப்புகள் உடைந்த இடங்களைக் கல்லும் மண்ணும் போட்டு மூடுவதே முதல் வேலை. சரிவு அதிகமுள்ள நிலத்தில் டியூப்பில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்து, சமமட்டக் கோட்டில் கல்வரிசை அடுக்குங்கள். கல் நம் ஊரில் பஞ்சமில்லை. புதிதாகப் பெரிய வரப்பு போடவோ அகழி வெட்டவோ எந்திரம் இறக்க வேண்டாம், அது தூர்களை நசுக்கிவிடும்.

உண்ணி, சீமைக்கருவேலம், பார்த்தீனியம்

மூன்றுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

உண்ணிச்செடியை மேலே வெட்டினால் இரண்டு பங்காகத் துளிர்க்கும். தில்லிப் பல்கலைக்கழகத்தில் சி.ஆர். பாபுவின் குழு உருவாக்கிய முறைதான் இதற்குச் சரி: மண்மட்டத்துக்குக் கீழே 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் முதன்மை வேரை வெட்டி, புதரைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டுவிட வேண்டும். துளிர்க்கும் மொட்டுகள் தண்டும் வேரும் சேரும் இடத்தில்தான் உள்ளன, அதற்குக் கீழே வெட்டினால் முளைக்காது. நீளக்காம்பு மண்வெட்டியால் இதைச் செய்யலாம். பழம் பழுப்பதற்கு முன் செய்யுங்கள். முதல் வருடமே கொல்லை முழுக்க எடுத்துவிடாதீர்கள். உண்ணிப் புதருக்குள் ஆட்டு வாயிலிருந்து தப்பிய வேம்பும் வெப்பாலையும் ஒளிந்து வளர்ந்துகொண்டிருக்கும். அந்தப் புதரை விலக்கி, கன்றுக்கு வெளிச்சம் வரும் அளவு மட்டும் திறந்துவிடுங்கள்.

சீமைக்கருவேலத்துக்குக் கடப்பாரையும் பொறுமையும் வேண்டும். அடிமரத்தின் மண்ணுக்குள் இருக்கும் கழுத்துப் பகுதியோடு தோண்டி எடுக்காவிட்டால் பல தண்டாகக் கிளம்பும். காய் தின்ற ஆட்டின் புழுக்கை வழியாகத்தான் புதிய இடத்துக்கு வருகிறது, அதனால் காய்க்கும் மரத்தை முதலில் எடுங்கள். முழங்கால் உயரக் கன்றுகளை மழைக்குப் பிறகு மண் ஈரமாக இருக்கும்போது கையாலேயே பிடுங்கலாம். ஒவ்வொரு ஐப்பசியிலும் ஒரு சுற்று வந்தால் போதும்.

பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன் பிடுங்க வேண்டும், கையுறையும் முகத்தில் துணியும் கட்டாயம். தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் வரும். இலையைத் தின்னும் மெக்சிகோ வண்டை 1984இல் பெங்களூரில் விட்டார்கள், அது நம் பக்கமும் பரவியிருக்கிறது. மழைக்காலத்தில் பார்த்தீனிய இலையில் கோடுகளோடு சிறு வண்டுகளைக் கண்டால் அங்கே மருந்து அடிக்காதீர்கள். நிழல் விழத் தொடங்கிய இடத்தில் பார்த்தீனியம் தானாகக் குறையும், அதோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டாம்.

தூரைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பது

ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டின் மராடிப் பகுதியில் 1983 வாக்கில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் கன்று நட்டு நட்டுச் சலித்துப்போனவர். வயலில் புதர் என்று நினைத்தவை உண்மையில் வெட்டப்பட்ட மரங்களின் துளிர்கள் என்று அவர் கவனித்தார். அந்தத் துளிர்களைக் கழித்து வளர்க்கும் முறையை விவசாயிகள் கையிலெடுத்தபோது, அந்த நாட்டில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரம் திரும்பியது. அதற்காக 2018இல் அவருக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. அந்த ஊர் மழை நம்முடையதைவிடக் குறைவு.

அதே வேலையை இங்கே இலையுதிர்ந்திருக்கும் தை, மாசியில் செய்யுங்கள். ஒரு தூரில் பத்துப் பதினைந்து தண்டு கிளம்பியிருக்கும். நேரான, தடித்த மூன்று நான்கை விட்டுவிட்டு மற்றவற்றைக் கூர்மையான கொடுவாளால் அடியோடு சாய்வாக வெட்டுங்கள். விட்ட தண்டுகளில் கீழ்ப்பாதி உயரம் வரை பக்கக் கிளைகளைக் கழித்துவிடுங்கள். கீழிருந்து மேல்நோக்கி வெட்டினால் பட்டை கிழியாது. கழித்த கிளையைத் தூரைச் சுற்றி முள்ளோடு போட்டால் ஆட்டுக்குத் தடுப்பாகவும் மண்ணுக்கு மூடாக்காகவும் ஆகும். அடுத்த வருடம் அதிலிருந்து ஒன்றிரண்டு தண்டாகக் குறைக்கலாம், கழித்தது அடுப்புக்கு.

எதை விடுவது? என் தேர்வு இது: உசிலை, வெள்வேல், வெப்பாலை, வேம்பு, புங்கன், நாவல், ஆச்சா எங்கிருந்தாலும் விடுவேன். இலந்தையும் சூரையும் காரையும் ஓரங்களில் பறவைக்காக. சந்தனம் முளைத்தால் பக்கத்துச் செடிகளைச் சுத்தம் செய்யாதீர்கள், அது மற்ற செடிகளின் வேரைப் பற்றி உறிஞ்சித்தான் வளரும். பட்டா நிலத்துச் சந்தனத்தையும் வனத்துறை வழியாக மட்டுமே வெட்டி விற்க முடியும் என்பதை நினைவில் வையுங்கள்.

வெற்றிடம் இருந்தால் மட்டும் விதை

இரண்டு மழைக்காலம் பார்த்த பிறகும் வெறுமையாக உள்ள இடங்களுக்குத்தான் இது. கன்றைவிட நேரடி விதைப்பே எனக்குப் பிடித்தது, ஆணிவேர் பாலித்தீன் பைக்குள் சுருளாமல் நேராக இறங்கும். ஆச்சா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தேன்கனிக்கோட்டை, ஒகேனக்கல் பக்கத்துக் காட்டுமரம் இது. மேலே சிறு செடியாக நின்றுகொண்டே கீழே வேரை வெகு ஆழம் இறக்கும், நட்ட கன்று அந்த வேரை இழந்துவிடுகிறது. வேப்பம்பழம் உதிரும் ஆனி, ஆடியில் பொறுக்கி, சதை கழுவி, அந்த வாரத்திலேயே ஊன்றுங்கள். வாகை, வெள்வேல் விதைக்குக் கொதித்து இறக்கிய தண்ணீரில் ஓர் இரவு ஊறல் தேவை. வெள்வேல் காயை ஆட்டுக்குப் போட்டுப் பட்டியிலிருந்து அள்ளிய எருவைத் தூவினாலும் முளைக்கும்.

விதைப்பந்தை இறுகிய மண்ணில் சும்மா எறிவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கடப்பாரையால் ஒரு சாண் இளக்கிய இடத்தில், ஆவாரைப் புதரின் நிழலோரத்தில், இரண்டு விதை ஊன்றுவது அதைவிட நன்றாகப் பிழைக்கும்.

யானை, பன்றி

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, சூளகிரி, பாலக்கோடு பக்கம் யானை வரும். கர்நாடகத்தின் பன்னர்கட்டாக் காட்டுப் பக்கமிருந்து கூட்டங்கள் கேழ்வரகு விளையும் பருவத்தில் இறங்குவது அங்குள்ளவர்களுக்குப் பழகிய விஷயம். வீட்டைச் சுற்றியும் நடைபாதையோரத்திலும் புதரை அடர விடாதீர்கள், யானை நிற்பது தெரிய வேண்டும். காட்டோரக் கொல்லையில் பலா, வாழை வைக்காதீர்கள். பக்கத்துக் கொல்லையில் இன்னும் பயிர் செய்கிறவர் இருந்தால், அவர் எல்லையோரம் ஒரு பட்டையைத் திறந்தவெளியாக விடுவது அவருக்குச் செய்யும் மரியாதை. உங்கள் காட்டில் பதுங்கும் பன்றி அவர் நிலக்கடலையைத் தின்னும்.

எவ்வளவு காலம், எதை அளப்பது

2021இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, அமெரிக்கக் கண்டத்திலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் விடப்பட்ட வெப்பமண்டலப் பயிர்நிலங்களைப் பார்த்தது. பழைய காட்டின் இயல்புகளில் சராசரியாக 78 சதவீதம் 20 வருடத்தில் திரும்பியிருந்தது. மண் வளம் 10 வருடத்துக்குள், மர இனங்களின் எண்ணிக்கை சில பத்தாண்டுகளில், மொத்த மர எடை 120 வருடத்துக்கு மேல். நம்முடையது வறண்ட பூமி, ஆகவே மர எடையை எதிர்பார்த்து உட்கார வேண்டாம். மண்ணையும் இனங்களையும் பாருங்கள், அவைதான் முதலில் மாறும்.

10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரம் ஒன்று குறித்து, அதன் நான்கு மூலையிலும் ஒரு கல்லை நடுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், அதற்குள் எத்தனை மரக்கன்று, என்னென்ன, எது முழங்காலுக்கு மேல், எது இடுப்புக்கு மேல் என்று நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் அதில் ஒரே கல்லில் நின்று ஒரே திசையில் ஒரு போட்டோ. மழைக்குப் பிறகு அதே ஓரடிக் குழியில் தண்ணீர் ஊற்றி, இறங்கும் நேரத்தையும் குறியுங்கள். பெயர் தெரியாத செடியை ஊர்ப் பெரியவர்களிடம் காட்டுங்கள், மருந்துச்செடி பறிக்கிறவர்களுக்குத் தெரியாத இலை கொல்லையில் இருக்காது. மண் பரிசோதனைக்கும் மானாவாரிப் பயிர்களுக்கும் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தையோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.

கைக்கு வரும் பலன்

முதல் வருடத்திலேயே புல். அப்புறம் ஆவாரம்பூ, மூன்றாம் நான்காம் வருடம் முதல் சீத்தாப்பழம், பின்பு வேப்பங்கொட்டை, புங்கங்கொட்டை, அரப்புத்தூளுக்கு உசிலை இலை. பெரிய வருமானம் இல்லை, செலவும் ஏறக்குறைய இல்லை. நிலத்தில் ஒரு பங்கை மறுபடி விதைக்க ஆசை வந்தால் மரங்களுக்கு நடுவே கொள்ளு போடுங்கள். பையூர் 2 நம் பையூர் நிலையத்திலிருந்து வந்த கொள்ளு ரகம். புரட்டாசி மழையில் விதைக்கும்போது மேலாக உழுதால் போதும், மரத்தூரைச் சுற்றி மூன்றடிக்குள் ஏர் போக வேண்டாம்.